மதிப்பெண் தவறென்று தோன்றினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரி மாணவர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் வந்து சேர்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் கல்லூரியையும் நீக்கியிருக்கிறோம். விண்ணப்பப் படிவமும் கட்டணமும் காலக்கெடுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், கீழே சொல்லப்படும் எதையும் உங்கள் கல்லூரியின் தேர்வு விதிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செயல்படுத்துங்கள்.

கேள்வி: எல்லாக் கேள்விகளுக்கும் நன்றாகவே விடை எழுதியிருந்தேன். என்னைவிடக் குறைவாகப் படிக்கும் தோழிக்கு என்னைவிட ஒரு கிரேடு அதிகமாக வந்திருக்கிறது. திருத்தியதில் தவறு நடந்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: தோழியின் மதிப்பெண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவர் விடைத்தாளை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது உங்கள் விண்ணப்பத்துக்குச் சான்றாகாது. அவருக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று பொருள்படும்படி ஒரு வரி எழுதினாலும், படிப்பவரின் கவனம் உங்கள் தாளை விட்டு விலகிவிடும்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, திருத்தப்பட்ட உங்கள் விடைத்தாளை அல்லது அதன் நகலைக் கண்ணால் பார்ப்பது. மதிப்பெண் தவறு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, கணக்குப் பிழை: உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத் தாளின் கட்டத்துக்கு வராமல் போயிருக்கலாம், கூட்டல் தவறியிருக்கலாம், கூடுதலாக வாங்கிக் கட்டிய தாளைத் திருத்துபவர் புரட்டாமலே விட்டிருக்கலாம், அல்லது நீங்களே கேள்வி எண்ணை மாற்றிப் போட்டதால் ஒரு விடை முழுவதும் கணக்கில் வராமல் போயிருக்கலாம். இரண்டாவது, நடைமுறைப் பிழை: இன்ன விகிதத்தில், இன்ன அளவுகோலில் மதிப்பிடுவோம் என்று அறிவித்துவிட்டு வேறு விதமாக மதிப்பிட்டிருப்பது. மூன்றாவது, மதிப்பீட்டில் கருத்து வேறுபாடு: 10 மதிப்பெண் கட்டுரை விடைக்கு அவர் 6 போட்டிருக்கிறார், நீங்கள் 8 தகும் என்று நினைக்கிறீர்கள்.

முதல் இரண்டும் சான்று காட்டக் கூடியவை. காட்டினால் பெரும்பாலும் திருத்தப்படும். மூன்றாவதுதான் சிக்கல். விரித்து எழுதும் விடைகளில் திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுவது எல்லோரும் அறிந்த உண்மை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர் எழுதிய இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. மற்றொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. மொழிப்பாடம் என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதற்கு 28 முதல் 95 வரை வந்து நின்றது. ஆகவே உங்கள் சந்தேகம் அடிப்படையற்றதென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இதே உண்மை உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும்: இன்னொருவர் திருத்தினால் கூடுதலாகத்தான் வரும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை.

எனவே நகலை வாங்கி, விடைக்குறிப்பையோ மதிப்பீட்டு அளவுகோலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக நீங்களே திருத்திப் பாருங்கள். எந்தக் கேள்வியில், எந்தக் குறிப்பு உங்கள் விடையில் இருந்தும் மதிப்பெண் பெறவில்லை என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால் மேலே செல்லுங்கள். அப்படி எதையும் காட்ட முடியாமல் "நன்றாக எழுதியிருந்தேன்" என்பது மட்டுமே மிஞ்சினால், அந்த நகலோடு ஆசிரியரிடம் போய், அடுத்த முறை எப்படி எழுத வேண்டும் என்று கேட்பதே கூடுதல் பயன் தரும்.

கேள்வி: எங்கள் பாடத்தில் அகமதிப்பீட்டுக்கு 40, இறுதித் தேர்வுக்கு 60. பருவத்தில் 20 மதிப்பெண்ணுக்கு மூன்று தேர்வுகள் வைத்தார்கள். அவற்றில் சிறந்த இரண்டு மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்று முதல் வாரம் தந்த பாடவிவரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். நான் வாங்கியவை 11, 18, 17. இறுதித் தேர்வில் 41. மொத்தம் 72 என்று வந்திருக்கிறது. ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரிகிறது. (முதலாம் ஆண்டு மாணவர்)

பதில்: குறைவது நான்கு மதிப்பெண். சிறந்த இரண்டை எடுத்தால் 18-ம் 17-ம் சேர்ந்து 40-க்கு 35. அதோடு 41-ஐக் கூட்டினால் 76 வர வேண்டும். மூன்று தேர்வுகளையும் கூட்டினால் 60-க்கு 46. அதை 40-க்கு மாற்றினால் 30.67, முழுமையாக்கினால் 31. 41-ஐச் சேர்த்தால் சரியாக 72. ஆக, உங்களுக்கு மூன்று தேர்வுகளின் சராசரியைப் போட்டிருக்கிறார்கள் என்பது ஏறத்தாழ உறுதி. மதிப்பெண்களைப் பதிவு செய்யும் விரிதாளில் பழைய சூத்திரம் மாறாமல் இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட பிழைக்கு மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் கட்டணமும் தேவையில்லை. பாடவிவரத் தாளின் அந்தப் பக்கத்தையும், மூன்று தேர்வுத் தாள்களின் முகப்புப் படங்களையும் இணைத்து, மேலே உள்ள கணக்கை அப்படியே எழுதி, பாட ஆசிரியருக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை விட இந்தக் கணக்குதான் உங்கள் தரப்பைப் பேசும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: சூத்திரம் தவறென்றால் வகுப்பு முழுவதற்கும் தவறியிருக்கும். சக மாணவர்களிடமும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தித் தரப்பட்ட தேர்வுத் தாள்களைப் பருவம் முடிவதற்குள் எடைக்குப் போட்டுவிடும் பழக்கம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆசிரியரிடம் நேரில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அடுத்த பருவத்திலும் அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். மனதில் வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வில் கைவைத்துவிடுவாரோ என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். மொட்டைக் கடிதம் போட்டுவிடலாமா? (மூன்றாம் ஆண்டு மாணவர்)

பதில்: மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். உங்கள் மதிப்பெண்ணைப் பற்றிய புகாரைப் பெயரில்லாமல் எழுதினால் யாருடைய தாளை எடுத்துப் பார்ப்பார்கள்?

சீனியர்களின் அச்சம் முழுவதும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நடந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள் கோபப்படுவது கேள்விக்காக அல்ல, கேட்கும் விதத்துக்காக. முடிவு வெளியான அன்றே வகுப்பு வாசலில் பத்துப் பேர் முன்னிலையில் "ஏன் சார் எனக்கு மட்டும் குறைச்சீங்க?" என்று கேட்டால், எவ்வளவு நிதானமானவரும் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். இரண்டு நாள் பொறுத்து, நேரம் கேட்டு, தனியே சந்தியுங்கள். அதற்கு முன் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இரண்டாம் உள்தேர்வில் 4-ஆம் கேள்விக்கான என் விடை 7-ஆம் பக்கத்தில் தொடங்கிக் கூடுதல் தாளில் முடிகிறது. 7-ஆம் பக்கத்தில் உள்ள பகுதிக்கு மட்டுமே மதிப்பெண் இடப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. கூடுதல் தாளில் திருத்தக் குறி எதுவும் இல்லை. இரு பக்கங்களின் படத்தையும் இணைத்துள்ளேன். தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவித்தால், விடைத்தாளுடன் நேரில் வந்து காட்ட விரும்புகிறேன்."

இந்தக் கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லை, அழுகை இல்லை, வீட்டுச் சூழ்நிலை இல்லை. எந்தக் கேள்வி, எந்தப் பக்கம், என்ன விடுபட்டது என்பவை மட்டும் இருக்கின்றன. சந்தித்துப் பேசி முடித்த அன்றே, "இன்று தாங்கள் கூறியபடி இந்த வாரத்துக்குள் கூடுதல் தாளைப் பார்த்துச் சொல்வதாக அறிந்தேன், நன்றி" என்று இன்னொரு மின்னஞ்சலும் போய்விட வேண்டும். நேர்ப்பேச்சு மட்டும் இருந்தால் மறதியும் மறுப்பும் எளிது. எழுத்தில் இருந்தால் அதற்குத் தேதி உண்டு.

பதில் வராவிட்டாலோ, மறுப்புக்குக் காரணம் சொல்லப்படாவிட்டாலோ, அடுத்து துறைத்தலைவர். அவருக்கு எழுதும்போது ஆசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்தை இணைத்துவிடுங்கள். அதற்கும் மேலே மாணவர் குறைதீர்ப்புக் குழுவோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோ இருப்பார். படியைத் தாண்டி நேராக முதல்வரிடமோ துணைவேந்தரிடமோ போனால், பெரும்பாலும் மனு கீழே திருப்பி அனுப்பப்படும். அதற்குள் காலக்கெடு கழிந்திருக்கும். பழிவாங்கல் உண்மையாகவே நடப்பதாகத் தோன்றினால், அது மதிப்பெண் விவகாரத்திலிருந்து வேறான புகார். அதைத் தனியாக எழுதுங்கள். செய்முறைத் தேர்வுக்கு இன்னொரு தேர்வாளரையும் அமர்த்துமாறு முன்கூட்டியே கேட்கலாம்.

கேள்வி: மறுகூட்டல், மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல் மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் இருக்கிறது. எதற்குப் போடுவது? மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டா? (அரியர் வைத்திருக்கும் மாணவி)

பதில்: மறுகூட்டலில் உங்கள் விடையை யாரும் மறுபடி படிக்க மாட்டார்கள், போட்ட மதிப்பெண்கள் சரியாகக் கூட்டப்பட்டனவா, திருத்தாமல் விட்ட பகுதி ஏதும் உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொரு தேர்வாளர் முதலிலிருந்து திருத்துவார். நகல் வாங்குவது இரண்டுக்கும் முந்தைய படி. உங்கள் விதிமுறை அனுமதித்தால் முதலில் நகலுக்கே போடுங்கள். எது தேவை என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். சில இடங்களில் நகல் கேட்டவர்கள் மட்டுமே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதியும் உண்டு.

குறைய வாய்ப்புண்டா என்றால், அது விதியைப் பொறுத்தது. இரண்டு மதிப்பெண்ணில் எது அதிகமோ அதுவே இறுதி என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. புதிய மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் அதுவே இறுதி என்றும் சில இடங்களில் உண்டு. வேறுபாடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாவது தேர்வாளரிடம் அனுப்புவதும் உண்டு. உங்களைப் போலத் தேர்ச்சி பெறாதவர் இழப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் தேர்ச்சி எல்லையை ஒரு மதிப்பெண்ணில் தாண்டியவர், விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அதே சமயம், முடிவு வரும் வரை அரியர் தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். மறுமதிப்பீட்டு முடிவு தாமதமாகி, அடுத்த தேர்வும் கைநழுவிப் போவதைப் பலரிடம் பார்க்கிறோம்.

கேள்வி: என் மகள் வாய் திறக்கவே மாட்டாள். நானே கல்லூரிக்குப் போய்ப் பேசட்டுமா? (ஒரு தாய்)

பதில்: பேச வேண்டாம் அம்மா. கடிதத்தை எழுத உதவுங்கள், தேவையானால் வாசல் வரை உடன் செல்லுங்கள். விண்ணப்பமும் கையெழுத்தும் மகளுடையதாகவே இருக்கட்டும். விடைத்தாளில் என்ன எழுதினோம் என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர் அவர் ஒருவர்தான்.

கேள்வி: கட்டுரை ஒப்படைப்பைச் செயற்கை நுண்ணறிவால் எழுதியதாகச் சொல்லிப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு மென்பொருள் 80 சதவீதம் என்று காட்டியதாம். ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. இதை எப்படி நிரூபிப்பது? (முதுகலை மாணவர்)

பதில்: இதை மதிப்பெண் குறைப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், இது ஒழுங்கு நடவடிக்கை. மறுமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினால், பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டு கூடுதல் மதிப்பெண் கேட்பதாகவே ஆகிவிடக் கூடும். முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு உங்கள் நிறுவனத்தில் எந்த விதி, எந்தக் குழு என்பதைக் கேட்டு, குற்றச்சாட்டை எழுத்தில் தருமாறும், அதற்கு ஆதாரமான அறிக்கையின் நகலைத் தருமாறும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தருமாறும் கோருங்கள். விளக்கம் கேட்காமல் தண்டனை கொடுத்திருந்தால், அதுவே மேல்முறையீட்டுக்குப் போதுமான நடைமுறைக் குறை.

மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பற்றி இரண்டு செய்திகளை உங்கள் கடிதத்தில் குறிப்பிடலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டறியத் தான் வெளியிட்ட கருவியை, துல்லியம் குறைவு என்று சொல்லி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் செலுத்திப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களும் சீரான வாக்கியங்களும் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகத்துக்குரியவையாகத் தெரிந்தன. உங்கள் கட்டுரை ஆங்கிலத்தில் என்றால் இது நேரடியாகப் பொருந்தும்.

ஆனால் கருவி தவறக் கூடியது என்று சொல்வதோடு நின்றால், உங்கள் விஷயத்திலும் அது தவறியது என்று ஆகாது. எழுதியது நீங்கள்தான் என்பதற்கான தடயங்களை முன்வையுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பழைய பதிப்புகளின் வரலாறு நாள், நேரத்தோடு இருக்கும். வேர்டு கோப்பு ஒன்டிரைவில் இருந்தாலும் அப்படியே. கைக்குறிப்புகள், நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பதிவு, நண்பருக்கு அனுப்பிய அரைகுறை வரைவு என எல்லாம் உதவும். எல்லாவற்றையும் விட வலுவானது, அந்தக் கட்டுரையைப் பற்றி வாய்மொழித் தேர்வுக்குத் தயார் என்று நீங்களே முன்வந்து எழுதுவது. இலக்கணத் திருத்தத்துக்கு மட்டும் ஏதாவது கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் வெளியே வந்தால் மற்ற உண்மைகளும் எடுபடாது.

கேள்வி: வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒப்பீட்டு முறையில், அதாவது ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு, கிரேடு குறைக்கப்பட்டிருக்கிறது. கூட்டாக மனுக் கொடுத்தால் எடுபடுமா? (வகுப்புப் பிரதிநிதி)

பதில்: எல்லோருக்கும் பொதுவான முறையைப் பற்றியதென்றால் கூட்டு மனுவே சரி. 2020-இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் தேர்வுகள் நடக்காதபோது, பள்ளி இறுதி மாணவர்களுக்கு ஒரு கணினி நெறிமுறை மூலம் கிரேடு போட்டார்கள். ஆசிரியர்கள் கணித்த கிரேடுகளில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவை அதனால் கீழிறங்கின. ஆகஸ்ட் 13 அன்று வெளியான முடிவுகள், மாணவர்களின் எதிர்ப்பால் ஆகஸ்ட் 17 அன்றே கைவிடப்பட்டு, ஆசிரியர் கணிப்பே ஏற்கப்பட்டது. அங்கே எடுபட்ட வாதம், எங்களுக்குக் குறைவாக வந்தது என்பதை விட, நாங்கள் படித்த பள்ளியின் பழைய முடிவுகளை வைத்து எங்களை மதிப்பிட்டது சரியல்ல என்பதுதான். நீங்களும் உங்கள் மனுவில் முறையின் குறையைக் காட்டுங்கள்: ஒப்பீட்டு முறை என்று முன்பே அறிவித்தார்களா, ஒப்பிடுவதற்குப் போதுமான மாணவர்கள் வகுப்பில் இருந்தார்களா, எல்லைகள் எப்படி வகுக்கப்பட்டன? தனிப்பட்ட விடைத்தாள் குறைகளை இதில் கலக்காதீர்கள். அவை தனித்தனி விண்ணப்பங்களாகவே போகட்டும்.

கேள்வி: கல்லூரிக்குள் எல்லா வழியும் முடிந்துவிட்டது. நீதிமன்றம் போகலாமா? (இறுதியாண்டு மாணவர்)

பதில்: போகலாம், எதற்குப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதிப்பீட்டாளரின் கல்விசார் முடிவுக்குள் நுழைய நீதிமன்றங்கள் பல நாடுகளிலும் தயங்குகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூயிங் என்ற மாணவரின் வழக்கில், ஏற்கப்பட்ட கல்வி நெறிகளிலிருந்து பெரிதும் விலகியிருந்தாலொழிய ஆசிரியர்களின் தொழில்முறை முடிவை நீதிபதிகள் மாற்றக் கூடாது என்று கூறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பு ஒன்று இருக்கிறது. உள் நடைமுறை முடிந்ததற்கான கடிதத்தோடு 12 மாதங்களுக்குள் அங்கே செல்ல முடியும் என்றாலும், கல்விசார் மதிப்பீட்டை அதுவும் தொடாது. நடைமுறை பிசகியதா என்று மட்டும் பார்க்கும்.

இந்தியாவில், திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பதும் நகல் பெறுவதும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தேர்வு எழுதியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும், நகல் பெறும் உரிமை மறுமதிப்பீடு கேட்கும் உரிமையாகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில், விதியில் மறுமதிப்பீட்டுக்கு இடமில்லாதபோது, நீண்ட விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் தெளிவான பிழை இருந்தால், அதுவும் அரிதாகவே, நீதிமன்றம் தலையிடலாம் என்றும், ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவர்களுக்கே என்றும் கூறப்பட்டது. ஆறு போட்ட இடத்தில் எட்டு வேண்டும் என்று வழக்குப் போட்டால் பணமும் ஆண்டும்தான் போகும். தாளைத் திருத்தவே இல்லை, அறிவித்த விதியை மீறினார்கள், நகல் தர மறுக்கிறார்கள் என்றால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: மறுமதிப்பீட்டு முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். மேற்படிப்புச் சேர்க்கைக்கு அடுத்த வாரமே மதிப்பெண் சான்று கொடுக்க வேண்டும். விண்ணப்பித்துப் பயனுண்டா? (இறுதியாண்டு மாணவி)

பதில்: உண்டு. விண்ணப்பத்தை இன்றே போட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். அதன் நகலோடு, இப்போதுள்ள மதிப்பெண் சான்றையே சேர்க்கை அலுவலகத்தில் கொடுத்து, இன்ன பாடத்தில் மறுமதிப்பீடு நிலுவையில் உள்ளது, முடிவு வந்ததும் தாக்கல் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கடிதம் கொடுங்கள். தற்காலிகச் சேர்க்கை தரும் வழக்கம் அங்கே உண்டா, கடைசித் தேதி எது என்பதையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். உங்கள் தேர்வுப் பிரிவுக்கும் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, முன்னுரிமை கொடுத்துப் பார்க்குமாறு ஒரு மனு எழுதுங்கள். சேர்க்கைக் கடிதத்தின் நகலை அதோடு இணைக்க மறந்துவிடாதீர்கள்.